பாலம் ஏறும்போது மட்டும்

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் பாலம்தான். மட்டக்களப்பில், ஆரையம்பதியிலிருந்து வாவிக்கு அங்கால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகிற எனக்கு, வழியில் மண்முனைப் பாலத்தைத் தவிர கார் மூச்சு வாங்குகிற இடம் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் வாவியும் வயலும் மட்டமான ரோட்டும். போன கார்த்திகை மழைக்குள், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அந்தப் பாலத்தின் ஏற்றத்தில்தான் கார் முதல் தடவை குலுங்கியது. அக்சிலேற்றரை மிதிக்கிறேன், இரைச்சல் கூடுகிறது, இழுவை இல்லை. வெட்டி வெட்டி ஏறியது. பாலத்தால் இறங்கியதும் ஒன்றும் நடக்காதது போல மகிழடித்தீவு வரை சீராக ஓடியது.

கார் 1997 ஆம் ஆண்டுக் கொரோலா, இங்கே எல்லாரும் வன் டென் என்று சொல்கிற 110. எஞ்சின் 5ஏ, 1498 சீசீ. அப்பா 2010 இல் வாங்கினார். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. இயந்திரப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் வாவிக்கு அங்கால் கொண்டுபோவோம். 2014 இல் பாலம் திறந்தபோது அப்பா எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தார். 2019 இல் அவர் போனபிறகு கார் என் கைக்கு வந்தது.

விற்றுவிடு என்று கனடாவிலிருக்கும் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான். விற்றுவிட்டு எதை வாங்குவது? 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய கார் எல்லாம் பொன்விலைக்குப் போனது. 2025 மாசியில் திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் வரியோடு சேர்த்து வரும் விலை ஒரு ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே இருக்கிற காரை நன்றாக வைத்திருப்பதுதான் எனக்கு வழி. அதனால்தான் கடந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை இவ்வளவு விபரமாக எழுதுகிறேன். என்னைப் போல் பழைய காரோடு, கராச்சுக்குப் போகப் பயந்துகொண்டு இருப்பவர்கள் நிறையப் பேர்.

குலுங்கிய அன்று பின்னேரமே ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். எந்தக் கராச் என்பது தேவையில்லை. பொனட்டைத் திறந்தார்கள், றேஸ் பண்ணிப் பார்த்தார்கள், "டிஸ்ரிபியூட்டர் போயிற்று" என்றார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கான மின்னைப் பிரித்து அனுப்புகிற சாமான் அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்டில ஆம்பிளை ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்க, சொல்லுறம்" என்று பதில். அவமானமாக இருந்தது, ஆனாலும் அடுத்த நாள் பள்ளிக்குப் போக வேண்டுமே. ரீகண்டிஷன் டிஸ்ரிபியூட்டர் ஒன்றைப் போட்டு, கூலியோடு 38,000 ரூபாய் வாங்கினார்கள். பழையதைக் கேட்டேன், எறிந்துவிட்டோம் என்றார்கள். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. அந்த ஒன்பது நாளும் மழை இல்லை. பத்தாம் நாள் மழை, அதே பாலம், அதே வெட்டு.

எனக்கு இன்றைக்கும் கோபம் இருப்பது காசுக்காக மட்டும் இல்லை. ஒரு சோதனையும் செய்யாமல் ஒரு சாமானை மாற்றினார்கள் என்பதுதான். நான் சாதாரண தர வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை பரிசோதனை செய்யாமல் முடிவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நான் புள்ளி கொடுக்க மாட்டேன். என் சொந்தக் காருக்கு அப்படி ஒரு முடிவை நான் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.

அப்பாவின் கொப்பி ஒன்று காரின் லாச்சிக்குள் கிடந்தது. ஒயில் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, இடையிடையே "விடிய ஸ்டார்ட் பண்ண ஒரு கிறீச் சத்தம், பிறகு இல்லை" என்பது போல வரிகள். சத்தம் வந்தது என்று மட்டும் அவர் எழுதவில்லை. எப்போது வந்தது என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து நானும் தொடங்கினேன். தேதி, நேரம், மழையா வெயிலா, எஞ்சின் குளிரா சூடா, நான் என்ன செய்துகொண்டிருந்தேன். இரண்டு கிழமை எழுதியபிறகு வாசித்துப் பார்த்தால், என்னிடம் ஒரு கோளாறு இல்லை, இரண்டு கோளாறு இருந்தன. ஒன்று, ஈரமான நாளில், பாரம் கூடும்போது மட்டும் மிஸ்ஸடிப்பது, அதாவது சிலிண்டர் இடையிடையே எரியாமல் விடுவது. மற்றது, ஓடி முடித்து நிறுத்திவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுவது, சில நேரம் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுவது. இது மழை வெயில் பார்க்கவில்லை. சூட்டில் மட்டும் வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "கார் சரியில்லை" என்று நான் சொன்னால், கேட்பவர் என்னதான் செய்வார்? அதில் என் பிழையும் இருக்கிறது.

முதலில் காசு செலவில்லாத சோதனை. இந்த வயதுக் கார்களில் பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருக்கும், மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதியிருக்கும். மூடியின் உள்பக்கம் எந்தத் துளை எது என்று அச்சிட்டிருக்கும். அதில் டீஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஓன் பண்ணினால், டேஷ்போர்டில் எஞ்சின் வெளிச்சம் மின்னி மின்னிப் பேசும். இரண்டு தரம் மின்னி, சற்றுப் பொறுத்து இரண்டு தரம் மின்னினால் 22, தண்ணீர்ச் சூட்டு சென்சர். நான்கும் ஒன்றும் என்றால் 41, துரொட்டில் சென்சர். ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தால் எஞ்சினைக் கவனிக்கிற கணினிக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை. துளையை மாற்றிக் குத்திவிடக் கூடாது. பக்கத்தில் பற்றறி மின் வருகிற துளையும் இருக்கிறது. நான் மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கம்பியை வைத்தேன்.

என்னுடையது சீராக மின்னியது. அதற்காக எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலக் கணினி சிலிண்டர் எரியாமல் விடுவதைக் கவனிப்பதே இல்லை. பிந்தி வந்த கார்கள் கவனிக்கும். எங்கள் பள்ளியில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியரின் விட்ஸ் காரில் ஸ்கேனர் பி 0302 என்று காட்டியது. கடைசி இலக்கம் சிலிண்டரின் இலக்கம்; இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸடிக்கிறது என்று பொருள். ஏன் என்று அது சொல்லாது. பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கிற கொயிலாக இருக்கலாம், பொறி விடுகிற பிளக்காக இருக்கலாம், பெற்றோல் விசிறுகிற இன்ஜெக்டராக இருக்கலாம். அவரிடம் இன்ஜெக்டர் மாற்றச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பள்ளி விட்டபிறகு மாமரத்துக்குக் கீழே நிறுத்தி, இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதுக்குப் போட்டோம், மூன்றாவதை இரண்டாவதுக்கு. ஸ்கேனர் காட்டிய அந்த இலக்கத்தை அழித்துவிட்டு காரை ஓட்டினார். அடுத்த நாள் பி 0303 வந்தது. கோளாறு கொயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. கொயில் ஒன்று வாங்கினார், முடிந்தது. இடம் மாற்றிப் பார்ப்பது போல் ஒரு நேர்மையான சோதனை வேறு இல்லை என்று நினைக்கிறேன். பத்து மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று போதும்.

என் காருக்கு வருவோம். மழையில், ஏற்றத்தில் மட்டும் ஏன் வெட்டுகிறது? பிளக்கின் நுனியில் ஒரு சின்ன இடைவெளி. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அமுங்கியிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க உள்ளே போகிற காற்றுக் கூடும், அமுக்கம் கூடும், தேவைப்படும் வோல்ட்டும் கூடும். பிளக் வயரின் ரப்பரில் எங்காவது வெடிப்பு இருந்தால், மட்டமான ரோட்டில் மின் பிளக்குக்கே ஒழுங்காகப் போகும். ஏற்றத்தில் பிளக்கைத் தாண்டுவதை விட வெடிப்பால் வெளியே பாய்ந்து பக்கத்து இரும்பில் விழுவது இலகுவாகிவிடும். ஈரம் அதை இன்னும் இலகுவாக்கும். கொப்பியில் எழுதியிருந்தது முழுவதும் இதற்குள் வந்து பொருந்தியது. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் இது நடக்கலாம். ஆனால் அதைத்தான் புதிதாக மாற்றியாயிற்றே.

அன்று இரவு ஒன்பது மணிக்கு வளவுக்குள் காரை நிறுத்தி, வெளி லைட்டை நூர்த்துவிட்டு, பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டேன். கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தேன், தாவணி சால்வை ஒன்றும் இல்லை. சுற்றுகிற பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் தொங்குகிற ஒன்றும் இருக்கக் கூடாது. பூங்கன்றுக்கு விசிறுகிற போத்தலால் பிளக் வயர்களுக்கு மேல் தூவானமாகத் தண்ணீர் விசிறினேன். கையை வயருக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. எஞ்சின் உடனே நடுங்கத் தொடங்கியது. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாதான் கண்டார்.

"இஞ்ச பார் பிள்ளை, மின்மினி மாதிரி நீலமா மின்னுது."

மூன்றாவது வயர். பிளக் குழிக்குள் இறங்குகிற இடத்தில் மெல்லிய நீல நூல் போல் பொறி ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தொரு வயது அம்மாவும் நானும் இருட்டுக்குள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 38,000 ரூபாய் கொடுத்தும் எனக்குக் கிடைக்காத பதில் அது.

எஞ்சின் ஆறியபிறகு, மறுநாள் அந்த வயரைக் கழற்றினேன். ரப்பர் ஊறிப் பொதுமிப் போயிருந்தது, நுனியில் ஒயில் சொட்டியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள் இரண்டு விரற்கடை ஒயில். இந்த எஞ்சினில் இது வழமையான நோய். பிளக் குழிகளைச் சுற்றி, எஞ்சினின் மேல் மூடியான வால்வ் மூடிக்குள் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. வயது போனால் அவை கல்லாகிவிடும், ஒயில் மெல்ல மெல்லக் குழிக்குள் இறங்கும். ஒயிலோடு பிளக்கைக் கழற்றினால் அது சிலிண்டருக்குள் போய்விடும். அதனால் பார்மசியில் ஒரு பெரிய சிரிஞ்சும், மீன் தொட்டிக்குப் போடுகிற குழாய்த் துண்டும் வாங்கி, முதலில் உறிஞ்சி எடுத்தேன். பிறகு பழைய பனியன் துணியைக் கம்பியில் சுற்றித் துடைத்தேன்.

பிளக் வயர் செட், நான்கு பிளக், வால்வ் மூடிக் கேஸ்கட், குழி வளையம் நான்கு: மட்டக்களப்பு ரவுணில் இரண்டு கடை ஏறி இறங்கி எல்லாமாக 19,000 ரூபாய்க்குள் முடித்தேன். வயர்களை ஒன்றைக் கழற்றி, அந்த இடத்துக்குப் புதியதைப் போட்டு, அதன் பிறகு அடுத்தது. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற ஒழுங்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

அந்த வேலையில் நான் ஒரு பிழை விட்டேன், அதையும் எழுத வேண்டும். வால்வ் மூடியை இறுக்கும்போது, இனி ஒயில் கசியவே கூடாது என்று ஒரு நட்டைக் கூடுதலாக இறுக்கிவிட்டேன். கைக்குள் 'மெத்' என்று ஒரு தளர்வு. புரி போய்விட்டது. அந்தத் தளர்வை உணர்ந்த நொடியில் வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது.

அப்படித்தான் காத்தான்குடிக் காக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கணித ஆசிரியர் சொல்லி அனுப்பினார். பேரீச்சை மரம் நிற்கிற பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில், தகரம் போட்ட சின்னக் கராச். பதினான்கு வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். நான் இறங்கியதும் பொனட்டைத் திறக்கவில்லை. ஒரு கதிரையைத் தந்துவிட்டு, "என்ன நடந்த டீச்சர், முதலில இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். கொப்பியைக் காட்டினேன். அதை அவர் இரண்டு பக்கம் வாசித்தார். இதுவரை யாரும் என் காரைப் பற்றி நான் சொன்னதை அப்படிக் கேட்டதில்லை.

புரியைத் திரும்ப வெட்டி, புது ஸ்டட், அதாவது நட் ஏறுகிற புரித் தண்டு, போட்டுத் தந்தார். 1,500 ரூபாய். "டீச்சர், கீழ இரிக்கிறது அலுமினியம். மணிக்கட்டால இறுக்கோணும், தோளால இறுக்கப்படாது" என்று என் கையைப் பிடிக்காமலே தன் கையால் செய்து காட்டினார். அன்றிலிருந்து நான் சின்ன நட்டுகளுக்கு நீட்டு ராட்செட்டை எடுப்பதில்லை.

இனி சூட்டில் ஸ்டார்ட் எடுக்காத கதை. இதற்கு எனக்குச் சொல்லப்பட்ட மருந்துகள்: புதுப் பற்றறி என்று ஒருவர், செல்ஃப் மோட்டார் மாற்ற வேண்டும் என்று இன்னொருவர். பற்றறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மல்டிமீற்றரை வைத்தேன்: எஞ்சின் நின்றிருக்க 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. பற்றறியும் நல்லது, அதைச் சார்ஜ் பண்ணுகிற அல்டர்னேற்றரும் நல்லது. பிறகு பெற்றோல் விசிறும் அமைப்பின் ஈஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும்படி அம்மாவைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். சுற்றும்போது பற்றறியில் 10.4. அதுவும் பரவாயில்லை. அப்படியென்றால் பற்றறியில் இருப்பது மோட்டாருக்குப் போய்ச் சேர்கிறதா?

இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. மீற்றரின் ஒரு நுனியைப் பற்றறியின் நெகற்றிவ் முனையிலும் மற்ற நுனியை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது வாசிக்க வேண்டும். இரண்டும் தடித்த எர்த் கேபிளால் இணைந்தவை. மின்னழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு. எனக்குக் காலையில் குளிரில் 0.9 காட்டியது. பள்ளியிலிருந்து வந்த சூட்டோடு வைத்தபோது 1.4.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற ஓமின் விதிதான். இந்த அளவு எஞ்சினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 100 முதல் 150 அம்பியர் வரை இழுக்கும். 140 என்று வைத்துக்கொண்டால், 1.4 வோல்ட்டை 140 ஆல் வகுக்க 0.01. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை. அவ்வளவுதான் கோளாறு. அந்த நூறில் ஒரு பங்கு, 10.4 வோல்ட்டில் 1.4 ஐத் தின்றுவிட்டு மோட்டாருக்கு ஒன்பதை விடுகிறது. எஞ்சின் பக்கத்துச் சூட்டில் செம்பின் தடையும் கூடும், ஐம்பது பாகை ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு வரை. சூட்டில் சாவதற்கு அதுவும் ஒரு காரணம். மல்டிமீற்றரை ஓம் பக்கம் திருப்பி அந்தக் கேபிளை அளந்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மீற்றரின் சொந்த வயர்களுக்கே அதைவிடப் பத்து மடங்கு தடை இருக்கும். மின்னோட்டம் பாயும்போதுதான் அளக்க வேண்டும். போன தவணை இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுத்தேன், விடையைச் சொல்லாமல், மீற்றர் வாசிப்பை மட்டும் கொடுத்து. இரண்டு பேர் "எர்த் வயர், மிஸ்!" என்று எழும்பி நின்றார்கள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை எழுதித் தீராது.

கேபிளைக் கழற்றினேன். போல்ட்டுக்குக் கீழே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். உப்புக் காற்றுக்கு ஒளிக்க இடமில்லை. மண்கடதாசியால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்து, பற்றறி முனையில் இருந்த பூப்புக்கு அப்பச் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். கழற்றும்போது நெகற்றிவ்தான் முதலில், பூட்டும்போது நெகற்றிவ்தான் கடைசியில். திரும்ப அளந்தேன்: 0.2. செல்ஃப் ஒரே சுற்றில் பிடித்தது. செலவு மண்கடதாசி ஒரு தாள். கரையோரத்தில் இருக்கிறவர்கள் புது செல்ஃப் மோட்டார் வாங்கமுதல் தயவுசெய்து இதை ஒருதரம் அளந்து பாருங்கள்.

தெர்மோஸ்டாட் கதை சுருக்கம்தான், ஆனால் எனக்கு மனம் வலித்த கதை. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற சின்ன வால்வ் அது. சூடு காட்டும் ஊசி எப்போதும் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தது. நல்லதுதானே என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். காக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள தெர்மோஸ்டாட் இரிக்காது" என்றார். திறந்தோம், வெறும் ஓட்டை. எங்கோ, எப்போதோ, யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடான நாட்டுக்கு அது தேவையில்லை என்று இங்கே பல பேர் நம்புகிறார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வராது. குளிராக இருக்கிறது என்று நினைத்து கணினி பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். 2022 இல் கியூஆர் கோட் காட்டி கிழமைக்கு 20 லீற்றர் எடுத்த காலம், ஆனியில் லீற்றர் 470 ரூபாய்க்குப் போன காலம், இரவிரவாக வரிசையில் நின்று அடித்த பெற்றோலின் ஒரு பங்கு இப்படிப் போயிருக்கும். புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டைப் பூட்டமுதல் பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் விட்டு, பள்ளி ஆய்வுகூட வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். 82 பாகையில் வாய் திறக்கத் தொடங்கியது. அதன் மேல் பொறித்திருந்ததும் 82. இப்போது ஊசி நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நிற்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக இருக்கிறது. ரேடியேற்றர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதிவைக்கிறேன். உள்ளே அமுக்கத்தில் இருக்கிற தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் ஒரே கணத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.

எதை நான் செய்வது, எதைக் காக்காவிடம் கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். பிழைத்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசிக்கிறேன். பிளக் வயரைப் பிழையாகப் போட்டால் கார் நடுங்கும், திரும்ப மாற்றிப் போடலாம். கிராங்க் என்ற கீழ்த் தண்டையும் காம் என்ற மேல் தண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட்டில் ஒரு பல் மாறினால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது, திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கிராங்க் போல்ட்டைக் கழற்றுகிற பலமும் சாமானும் என்னிடம் இல்லை. ஆகவே அது அவருடையது. பெற்றோல் லைன் அவருடையது, அமுக்கத்தில் இருக்கிற பெற்றோலோடு எனக்கு விளையாட்டு இல்லை. பிரேக்கும் அப்படியே. காருக்குக் கீழே போகிற எந்த வேலையும் நான் செய்வதில்லை, ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகவும் கூடாது. ஒயில், ஃபில்டர், பிளக், வயர், பற்றறி முனைகள், ரேடியேற்றர்த் தண்ணீர், அளக்கிற வேலை எல்லாம் என்னுடையவை. ஒயில் மாற்றக் கீழே போகத்தானே வேண்டும் என்றால், அதற்கு எங்கள் ஒழுங்கை முடிவில் சேர்விஸ் குழி இருக்கிறது. பெடியன்களுக்கு 500 ரூபாய் கொடுத்தால் போதும்.

போன மாதம் டைமிங் பெல்ட் மாற்றினோம். காக்கா என்னைப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கவிட்டு, கிராங்கின் கோடும் காமின் குறியும் எங்கே சேர வேண்டும் என்று காட்டினார். பெல்ட்டை எடுத்துவிட்டோமே என்று கையோடு ஒயில் சீல்களையும் மாற்றினார். பிறகு கசிந்தால் இதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை அங்கங்கே வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். அல்டர்னேற்றரின் பெயரிங்கும் வோட்டர் பம்பின் பெயரிங்கும் வேறு வேறு குரலில் பேசுவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அவரிடம் ஒருநாள் கேட்டேன், மற்றவர்கள் ஏன் சோதித்துப் பார்க்காமல் மாற்றுகிறார்கள் என்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

"கண்டுபிடிக்கிறத்துக்குக் காசு கேட்டா ஆக்கள் தரமாட்டாங்க டீச்சர். ஒண்டும் மாத்தல்லியே, எதுக்குக் காசு எண்டு கேப்பாங்க. பாட்ஸ் ஒண்டு கையில குடுத்தாத்தான் தருவாங்க. அப்ப அவனும் என்ன செய்யிற?"

இதை நான் நெடுநேரம் யோசித்தேன். டொக்டர் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை போய்ப் படுங்கள் என்றாலும் காசு கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் இரண்டு மணித்தியாலம் தேடி ஒரு கழன்ற வயரைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டால், ஒரு வயர் மாட்டவா இவ்வளவு என்கிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது காக்காவிடம் போனால், முதலிலேயே சொல்லிவிடுவேன்: பார்க்கிறதுக்கு 2,000, மாற்ற ஒன்றும் இல்லை என்றாலும் தருவேன் என்று. அவர் வேண்டாம் என்பார், நான் வைத்துவிட்டு வருவேன். புதிதாக ஒரு கராச்சுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாற்றமுதல் எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள், அந்தச் சோதனைக்குக் காசு தருவதாகச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற இடத்தில் காரை விடாதீர்கள். ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வா என்கிற இடத்தில் நிற்கவே வேண்டாம்.

இன்றைக்குக் காலையில் பார்த்தபோது ரேடியேற்றரின் போத்தலில் தண்ணீர் போன மாதத்தை விட ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது. வெளியே கசிவு ஒன்றும் காணவில்லை. இரவு முழுக்கக் கீழே காட்போட் மட்டை போட்டு வைத்தேன், காய்ந்த மட்டையாகவே இருந்தது. ஒயில் மூடிக்குள் பால் போன்ற கலங்கல் இல்லை, புகை வெள்ளையாக வரவில்லை, ஆகவே எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்காமல் மறிக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்காது என்று நம்புகிறேன். ரேடியேற்றர் மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். போத்தலில் மார்க்கரால் கோடு போட்டு, கொப்பியில் தேதியும் கிலோமீற்றரும் எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு திரும்ப அளப்பேன்.